கண்ணாடி போட்ட மாடு

டாக்டரின் சுண்டுவிரல் ஒடிந்த சத்தம் வாசல்வரை கேட்டது.

யாரோ காய்ந்த குச்சியை மிதித்தார்கள் என்றுதான் சோடா நினைத்தான். தொடர்ந்து வந்த அலறல் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துவைத்தது.

"மாமா, காணாமப் போன ஆளைத் தேடித்தானே வந்தோம்? ஆள் இருக்கிற இடம் தெரிஞ்சுபோச்சு. வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

மாமா அதற்குள் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருந்தார்.

அவர் சோடாவின் அக்காவைக் கட்டியவர். கால்நடை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வெகுகாலம் செத்த மாடுகளை விசாரித்தவர். செத்த மாடு பொய் சொல்லாது, பக்கத்தில் நின்று அழுகிறவன்தான் சொல்வான் என்பது அங்கே கற்ற பாடம். பிறகு சொந்தமாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்தார். உதவிக்கு மச்சானை வைத்துக்கொண்டார். மச்சானின் மூக்குக்கண்ணாடி சோடா பாட்டிலின் அடிப்பாகம் போலத் தடித்திருக்கும். ஊர் கூப்பிடும் பெயரிலேயே அவரும் கூப்பிட்டார்.

காலையில் மாட்டு டாக்டரின் மனைவி ஆபீசுக்கு வந்திருந்தாள். நேற்றுப் பால்பண்ணைக்கு ஒரு மாட்டைப் பார்க்கப் போன கணவன் வீடு திரும்பவில்லை. போலீஸ் ஸ்டேஷனில், இன்னும் ஒருநாள் பொறுத்துப் பாரும்மா என்று அனுப்பிவிட்டார்கள்.

பொறுத்துப் பார்த்திருந்தால் டாக்டருக்குக் கை இருந்திருக்காது. அது தீவன அறைக்குள் நுழைந்ததுமே தெரிந்தது.

அறையின் நடுவில் தீவனம் வெட்டும் இயந்திரம் நின்றது. ஆள் உயரச் சக்கரம். அதில் பிறை வடிவில் கத்திகள். சக்கரத்துக்குள் சோளத்தட்டையைத் தள்ளிவிட ஒரு நீளத் தகரத் தொட்டி. அந்தத் தொட்டிக்குள், மண்டியிட்டிருந்த டாக்டரின் வலது கை கட்டப்பட்டிருந்தது. இடது கையை ஒரு பணியாள் பிடித்திருந்தான். அதில்தான் சுண்டுவிரல் பின்பக்கமாக மடங்கிக் கிடந்தது.

அடுத்து நடந்தது எல்லாம் வேகமாக நடந்தது. யாரோ மாமாவின் வயிற்றில் முழங்காலை ஏற்றினார்கள். சோடா யாரும் கேட்பதற்கு முன்பே இரண்டு கையையும் தூக்கினான்.

"என்னை அடிக்காதீங்க. நான் வெறும் சொந்தக்காரன்."

அடி விழுந்தது. கண்ணாடி பறந்து சாணியில் போய் உட்கார்ந்தது. இருவருடைய செல்போன்களும் பால் கேனுக்குள் போயின.

பண்ணை முதலாளி இயந்திரத்தின் ஸ்விட்ச் அருகே நின்றிருந்தார். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். மலை மாதிரி உடம்பு. கண் மட்டும் அழுது அழுது வீங்கியிருந்தது.

"பாதி மந்தை போச்சு," என்றார் அவர். யாரிடமென்று தெரியவில்லை. "தொண்டை அடைப்பான். சாயங்காலம் தீனி தின்ன மாடு, காலையில தொண்டை வீங்கிச் செத்துக் கிடக்குது. எல்லாத்துக்கும் இவன் ஊசி போட்டிருக்கான். ஊசி போட்ட மாடு எப்படிச் சாகும்? தண்ணியைப் போட்டிருக்கான். எனக்கு வேணும்கிறது ஒண்ணே ஒண்ணு. ஊசி போட்ட கை."

"சத்தியமா மருந்துதான் சார்," டாக்டரின் உதடு பிளந்திருந்தது. "அதே ஐஸ் பெட்டி. அதே நாள். பக்கத்துப் பண்ணைக்கும் அதேதான் போட்டேன். அங்க ஒரு மாடுகூடச் சாகலை."

"அவனுக்கு மருந்து. எனக்குத் தண்ணி!"

முதலாளி டாக்டரின் முகத்தில் பூட்ஸால் உதைத்தார். டாக்டர் அலறினார்.

பின்பக்கக் கதவுக்கு வெளியே முதலாளியின் மனைவி பால் கேன்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அலறல் கேட்டதும் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

தரையில் கிடந்த மாமா மெதுவாக எழுந்து உட்கார்ந்தார். 

"கையை வெட்டுங்க. உங்க மெஷின், உங்க கரண்ட். ஆனா ஒண்ணு. தப்பான ஆளை வெட்டிட்டீங்கன்னா, சரியான ஆளு நாளைக்கும் உங்க பண்ணையில உங்க பாலைக் குடிச்சுக்கிட்டு இருப்பான். மிச்ச மாடும் சாகும். அப்ப யார் கையை வெட்டுவீங்க?"

முதலாளி ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் அழுத்தவும் இல்லை.

"நீ யாருய்யா?"

"செத்த மாட்டைப் படிக்கிறவன். உயிரோட இருக்கிறதையும் கொஞ்சம் காட்டுங்க."

"சாயங்காலப் பால் கறந்து முடியிறவரைக்கும் டைம். அதுக்குள்ள ஆளைக் காட்டு. போலீஸ் வண்டி சத்தம் கேட்டுது, அந்த நிமிஷமே ஸ்விட்சைப் போடுவேன்."

சோடா சாணியிலிருந்து கண்ணாடியை எடுத்துச் சட்டையில் துடைத்தான். உலகம் பச்சையாகத் தெரிந்தது.

தீவன அறையிலிருந்து மாட்டுக்கொட்டகைக்கு அவர்களோடு சின்னவரும் வந்தார். முதலாளி மனைவியின் தம்பி. பண்ணையில் எல்லோருக்கும் சின்னவர். கையில் ஒரு இரும்புக் குழாய், வாயில் எப்போதும் ஒரு சிரிப்பு.

"நீயும் மச்சானா?" என்று சோடாவைக் கேட்டார்.

"ஆமாங்க. நீங்களுமா?"

"பொழப்பு எப்படி?"

"அடி அவருக்கு வந்தா பாதி எனக்கு. பேர் எனக்கு வந்தா முழுசும் அவருக்கு."

சின்னவர் சிரித்தார். "இங்கயும் அதே கதைதான்ப்பா. எங்க அத்தான் என்னை ஆளாவே மதிக்கிறதில்ல."

கொட்டகையில் பாதி இடம் காலியாக இருந்தது. கட்டுத்தறிகளில் அறுந்த கயிறுகள் தொங்கின. மிச்சமிருந்த மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. ஒன்று சுவரை நக்கிக்கொண்டே இருந்தது. அது நக்கிய இடத்தில் சுண்ணாம்பு போய்ச் செங்கல் தெரிந்தது.

மாமா ஒரு கறுப்பு மாட்டின் முன் நின்றுவிட்டார். அதன் கண்ணைச் சுற்றி மட்டும் வட்டமாகச் செம்பட்டை முடி.

"மாமா, இது நம்ம கட்சி," என்றான் சோடா. "கண்ணாடி போட்டிருக்கு."

"வெயில்ல நின்னு நின்னு வெளுத்துப்போச்சு," என்றார் பின்னால் வந்த முதலாளி.

"வெயில் முதுகுலதானே அடிக்கும்? முதுகு கறுப்பா இருக்கு. கண்ணைச் சுத்தி மட்டும் வெயிலுக்கு என்ன கோபம்?" மாமா அடுத்த மாட்டைப் பார்த்தார். அதற்கும் கண்ணாடி. அதற்கடுத்ததற்கும். "மாட்டுக்கு என்ன வெக்கிறீங்க? புல்லு, தட்டை, புண்ணாக்கு, சரி. அதுக்கு மேல?"

"தாது உப்பு. நல்ல கம்பெனி. மூட்டை மூட்டையா வாங்கி வெச்சிருக்கேன். வேளாவேளைக்குக் கலந்துதான் போடுறோம்."

ஸ்டோர் அறையில் அந்த மூட்டைகள் உத்தரம் வரை அடுக்கியிருந்தன. மாமா திறந்த மூட்டை ஒன்றுக்குள் கையை விட்டார். சாம்பல் நிறத் தூள். விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"நீயும் நக்கு."

"நான் சாப்பிட்டுட்டு வந்துட்டேன் மாமா."

"நக்குடா."

சோடா நக்கினான். "உப்பு."

"அப்புறம்?"

"அடுப்பு."

"அதான். உப்பும் அடுப்புச் சாம்பலும். நிஜத் தாது உப்பா இருந்தா காசை நக்கின மாதிரி நாக்கு உறுத்தும். அதுல செம்பு இருக்கு." மாமா மூட்டையின் வாயைத் தூக்கிக் காட்டினார். "கம்பெனியில மெஷின் தையல் போடுவான். ஒரே சீரா இருக்கும். இது கோணி ஊசியால தைச்சது. பிரிச்சு, நல்லதைக் கொட்டி எடுத்துட்டு, சாம்பலை நிரப்பித் திரும்பத் தைச்சிருக்கான் ஒருத்தன்."

முதலாளி மூட்டையை வாங்கிப் பார்த்தார். அவரும் நக்கினார். முகம் மெல்ல மாறியது. சோடா நிம்மதியாக மூச்சை விட்டான். அவசரப்பட்டுவிட்டான்.

"இந்தக் கம்பெனி மூட்டையை வாங்கச் சொன்னதே அந்த டாக்டர்தான்," என்றார் முதலாளி. "ஊசியும் பொய். உப்பும் பொய். ஒரு கையைத்தான் கேட்டேன். இப்ப ரெண்டும் வேணும்."

அவர் கையை ஓங்கி மூட்டையின் மேல் குத்தினார். மூட்டை வெடித்துச் சாம்பல் பறந்தது.

"ஸ்டோருக்குள்ள டாக்டர் எப்பவாவது வந்திருக்காரா?" என்று மாமா இருமிக்கொண்டே கேட்டார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கறவை தொடங்கியாச்சு."

உண்மைதான். கொட்டகையில் கறவை இயந்திரம் உறிஞ்சும் சத்தம் கேட்க ஆரம்பித்திருந்தது. மாடுகள் குறைவு. சீக்கிரம் முடிந்துவிடும்.

"நான் வெளிய ஒரு இடத்துக்குப் போகணும். வண்டி குடுங்க. ஓடிடுவோம்னு பயமா இருந்தா யாரையாவது கூட அனுப்புங்க. ஆனா வேலையாள் வேண்டாம். நாங்க எதையாவது கண்டுபிடிச்சா, கூலிக்காரன் சாட்சியை நீங்க நம்பமாட்டீங்க. வீட்டு ஆளா இருக்கட்டும்."

வீட்டு ஆள் என்று அங்கே ஒருவர்தான் இருந்தார்.

வேனைச் சின்னவர் ஓட்டினார். இரும்புக் குழாய் மடியில் இருந்தது. மாமா பக்கத்தில். சோடா பின் இருக்கையில்.

"புரியலையே மாமா. உப்பு இல்லைன்னா கறி ருசிக்காது, சரி. ஊசி போட்ட மாடு எப்படிச் செத்துது?"

மாமா வயிற்றைத் தடவிக்கொண்டார். "தடுப்பூசின்னா என்ன? உடம்புக்குள்ள காவக்காரன் இருக்கான். அவன்கிட்ட திருடனோட போட்டோவைக் காட்டுறது. இந்த மூஞ்சி வந்தா உள்ள விடாதேங்கிறது. டாக்டர் ஒழுங்கா போட்டோவைக் காட்டிட்டார். ஆனா காவக்காரனுக்கு மாசக்கணக்கா சோறே போடலைன்னா?"

"போட்டோவைத் தலைக்கு வெச்சுப் படுத்துக்குவான்."

"அதேதான். காவக்காரனுக்குச் சோறுங்கிறது செம்பு, துத்தநாகம், செலினியம். எல்லாம் சிட்டிகைதான். சிட்டிகை இல்லைன்னா மலை மாதிரி மாடு சாயும். கறுப்பு முடிக்குக் கறுப்பைக் குடுக்கிறதும் அதே செம்புதான். அது தீர ஆரம்பிச்சா மொதல்ல கண்ணைச் சுத்தி வெளுக்கும். மாடு அத்தனை நாளா முகத்துலயே புகார் எழுதி வெச்சிருக்கு. யாரும் படிக்கலை."

சின்னவர் பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "அப்ப உப்பை எடுத்தவன் யாருங்க?"

"மாடு வெச்சிருக்கிறவன் இல்லை. மாட்டுக்குப் போட்டிருந்தா அது பளபளன்னு ஆகியிருக்கும். ஊரே கேட்டிருக்கும். இடது பக்கம் திருப்புங்க."

"இடது பக்கம் என்ன இருக்கு?"

"கறிக்கடை."

வேன் ஒரு நொடி தடுமாறியது. பிறகு நேரானது.

"கறிக்கடை எதுக்குங்க?" சின்னவரின் சிரிப்பு அப்படியே இருந்தது. "இன்னும் கொஞ்ச தூரத்துல வேற நல்ல கடை இருக்கு. அங்க போலாம்."

"எனக்குப் பக்கத்துக் கடை போதும். நிறுத்துங்க. இறங்குங்க. எங்களைத் தனியா விடக்கூடாதுன்னு உங்க அத்தான் சொல்லியிருக்கார்."

சின்னவர் இறங்கினார். குழாயோடுதான் இறங்கினார்.

கறிக்கடையை நடத்துகிறவள் ஒரு பெண். தோளும் கையும் பயில்வானுடையவை. கட்டையில் ஒரு தொடையை வைத்து வெட்டிக்கொண்டிருந்தாள். கொக்கிகளில் உரித்த ஆடுகள் தொங்கின. தரை ஈரமாக வழுக்கியது. மாமா வாயைத் திறப்பதற்குள் அவள் நிமிர்ந்தாள். மாமாவைத் தாண்டிப் பார்த்தாள். கையிலிருந்த கத்தி உயர்ந்தது.

"வாடா மஞ்சள்! இன்னிக்கு எத்தனை கொண்டாந்திருக்கே?"

சோடா திரும்பிப் பார்த்தான். அவனுக்குப் பின்னால் சின்னவரைத் தவிர யாரும் இல்லை.

"சாகப்போற செம்மறியை என் தலையில கட்டப் பார்த்தேல்ல? உரிச்சா கொழுப்பெல்லாம் மஞ்சள், கறி மஞ்சள், ஈரலைத் தொட்டா உதிருது! அதை வித்திருந்தேன்னா ஊர் என்னையே இந்தக் கட்டையில வெச்சு வெட்டியிருக்கும். இன்னொரு தடவை இந்த வாசப்படி மிதிச்சா காலை எடுப்பேன்னு சொன்னேனா இல்லையா?"

"எத்தனை ஆடும்மா?" என்றார் மாமா.

"ஒண்ணைத்தான் உரிச்சேன். மத்ததை வண்டியோட திருப்பி அனுப்பிட்டேன். எல்லாத்துக்கும் கண்ணு மஞ்சளா..."

அவளால் முடிக்க முடியவில்லை. இரும்புக் குழாய் அவள் முன்கையில் இறங்கியது. கத்தி தெறித்தது. அடுத்த வீச்சு மாமாவின் முழங்காலுக்கு. மாமா சுவரோடு சரிந்தார். சின்னவர் இப்போது சிரிக்கவில்லை. குழாயை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கினார். கீழே மாமாவின் மண்டை இருந்தது.

சோடா தன்னை வீரன் என்று எப்போதும் நினைத்ததில்லை. அக்காவிடம் என்ன பதில் சொல்வது என்று மட்டும்தான் நினைத்தான். கைக்கு எட்டியது கொக்கியில் தொங்கிய ஓர் ஆட்டுத் தொடை. அதை உருவினான். கண்ணை மூடிக்கொண்டு சுழற்றினான்.

எலும்புப் பக்கம் சின்னவரின் தாடையில் பட்டது. பல் ஒன்று தராசுத் தட்டில் விழுந்தது. சின்னவர் வழுக்கினார். விழுந்த வேகத்தில் குழாய் அவர் மார்பிலேயே விழுந்தது. எழ முயன்றபோது கறிக்கடைக்காரி உடையாத கையால் அவர் பின்கழுத்தைப் பிடித்து முகத்தை வெட்டுக்கட்டையில் மோதினாள். ஒரு தடவை. திருப்தியில்லை போலும். மறுபடியும்.

"போதும்மா," என்றார் மாமா. "வாய் வேணும். பேச வேண்டியிருக்கு."

சோடா தொடையை இன்னும் பிடித்துக்கொண்டு நின்றான். 

"மாமா, உங்களுக்கு இவர்தான்னு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது. ஒரு சந்தேகம். அத்தனை மூட்டையை ஸ்டோர்லயே பிரிச்சுத் தைக்கிறதுன்னா வீட்டு ஆளாத்தான் இருக்கணும். உப்பைத் திருடினவன் அதைத் திங்க மாட்டான். எதுக்காவது போடுவான். மாட்டைக் கொழுக்கவெக்கிறது ஆட்டையும் கொழுக்கவெக்கும்னு நெனப்பான். வெள்ளாடா இருந்தா தப்பிச்சிருக்கலாம். செம்மறி தாங்காது. மாடு வேண்டாத செம்பை வெளிய தள்ளிடும். செம்மறி ஈரல்ல சேர்த்துவெச்சுக்கிட்டே இருக்கும். ஒருநாள் ஈரல் கையை விரிச்சிடும். எல்லாம் ரத்தத்துல கொட்டி ஆடு மஞ்சளாகும். சாகிற ஆட்டை எவனாவது புதைப்பானா? மூச்சு இருக்கும்போதே கறிக்கடைக்குத்தான் ஓட்டுவான்." மாமா சுவரைப் பிடித்து எழுந்தார். ஒரு கால் ஊன்றவில்லை. "நான் இங்க விசாரிக்க வரலைடா. கடைக்காரங்க யாரைப் பார்த்துக் கத்தியைத் தூக்குறாங்கன்னு பார்க்க வந்தேன்."

"அடிக்கிறவனையே வண்டி ஓட்டச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கீங்க. அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"தெரியவேண்டாம்."

தரையில் சின்னவர் ரத்தத்தோடு முனகினார். "கொழுக்கும்னுதாங்க நெனச்சேன். அத்தான் மாடு எல்லாம் குதிரை மாதிரி நின்னுது. நானும் தனியா ஒரு பட்டி போட்டு, நானும் ஒரு ஆளுன்னு காட்டணும்னு... எவ்வளவு போட்டேனோ அவ்வளவு செத்துது. பத்தலை போலன்னு இன்னும் அள்ளிப் போட்டேன்."

கறிக்கடைக்காரி உள்ளே போய், உப்புத் தடவிச் சுருட்டி வைத்திருந்த ஒரு தோலைக் கொண்டுவந்து எறிந்தாள். உட்புறம் மஞ்சளாக இருந்தது.

"இதையும் எடுத்துக்குங்க. நானும் வர்றேன். கை ஒடிஞ்சதுக்கு அந்த முதலாளிகிட்டக் கேக்க எனக்குக் கொஞ்சம் கேள்வி இருக்கு."

திரும்பும்போது மாமாதான் ஓட்டினார். ஒரு காலால். சோடா கட்டிப்போட்ட சின்னவர் மேல் உட்கார்ந்துகொண்டான். 

பண்ணை வாசலில் கறவை இயந்திரத்தின் சத்தம் கேட்கவில்லை.

தீவன அறைக்கு அவர்கள் ஓடியபோது சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. அறை முழுவதும் அதிர்ந்தது. டாக்டரின் இரண்டு கையும் இப்போது தொட்டிக்குள் இருந்தன. ஒரு பணியாள் அவர் முதுகில் காலை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான். டாக்டருக்குக் கத்தவும் குரல் இல்லை. கத்திக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

மாமா மஞ்சள் தோலை விரித்து முதலாளியின் முகத்தில் எறிந்தார்.

"ஆளைக் கொண்டாந்திருக்கேன்! நிறுத்துங்க!"

முதலாளி ஸ்விட்சை அணைத்தார். தோலை எடுத்துப் பார்த்தார். வாசலில் சோடாவும் கறிக்கடைக்காரியும் இழுத்து வந்த தன் மச்சானைப் பார்த்தார். சக்கரம் மெல்ல ஓய்ந்தது.

மாமா சுருக்கமாகச் சொன்னார். மூட்டை, சாம்பல், செம்மறி. கறிக்கடைக்காரி தன் பங்குக்குச் சொன்னாள். முதலாளி எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. மச்சானின் முன்னால் குந்தி உட்கார்ந்தார். தாடையைப் பிடித்து நிமிர்த்தினார்.

"பட்டி வெச்சிருக்கியா?"

"அத்தான்..."

"என் மாட்டு உப்பா?"

"அத்தான், செத்துப்போகும்னு தெரியாது. உப்புதானேன்னு நெனச்சேன். உப்பு இல்லாம மாடு சாகும்னு யாராவது சொல்லியிருந்தா..."

"நேத்துலயிருந்து இவனை அடிக்கிறோம். நீயும் அடிச்சே. விரலை ஒடிச்சதே நீதான்."

இது சோடாவுக்குத் தெரியாது. டாக்டரைப் பார்த்தான். டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அவுங்கடா டாக்டரை," என்றார் முதலாளி.

பணியாட்கள் கட்டை அவிழ்த்தார்கள். மாமா பெருமூச்சு விட்டார். சோடாவும் விட்டான். இந்தத் தடவையும் அவசரப்பட்டுவிட்டான்.

"இவனைக் கட்டு."

 டாக்டரைக் கட்டியிருந்த அதே பணியாட்கள் சின்னவரைத் தூக்கினார்கள். அதே கயிறு. அதே தொட்டி. சின்னவர் காலை உதைத்து அலறினார். "அக்கா! அக்கா!"

"வேண்டாம்!" மாமா நொண்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். "உங்களுக்கு ஆளைக் காட்டினது இதுக்கில்லை. போலீஸ் இருக்கு, கோர்ட் இருக்கு..."

முதலாளியின் புறங்கை அவர் வாயில் விழுந்தது. மாமா தட்டைக் குவியலில் போய் விழுந்தார். சோடா பாய்ந்து முதலாளியின் கையைப் பிடித்தான். ஈயைத் தட்டுவதுபோல அவனைத் தட்டிவிட்டார். கண்ணாடியின் ஒரு பக்கம் நொறுங்கியது. மிச்சப் பாதிக் கண்ணால் அந்தக் கை ஸ்விட்சுக்குப் போவதைப் பார்த்தான்.

சக்கரம் சுழல ஆரம்பித்தது. சின்னவரின் சட்டைக் கையை முதலில் கவ்வியது. துணி கிழிந்து உள்ளே போனது. பின்னாலேயே கை.

சக்கரம் வேகம் பிடிப்பதற்குள் எல்லாம் நின்றது.

சக்கரம், மேலே ஓடிய காற்றாடி, விளக்கு. எல்லாம் ஒரே நேரத்தில். கத்தியின் முனை சின்னவரின் விரல் நுனியை மட்டும் சீவிவிட்டு நின்றது. இருட்டிய அறையில் அவருடைய அழுகை மட்டும் கேட்டது.

பின்பக்கக் கதவருகே, சுவரில் மெயின் போர்டு திறந்து கிடந்தது. அதன் கீழே முதலாளியின் மனைவி நின்றிருந்தாள். பிடுங்கிய ஃபியூஸ் கட்டை அவள் கையில் இருந்தது. கை முழுவதும் ஈரம். ஈரக்கையோடு பிடுங்கியிருக்கிறாள். செத்திருக்கலாம்.

"அவன் என் தம்பி," என்றாள் கணவனிடம். "ஜெயிலுக்கு அனுப்புங்க. கையை விட்டுடுங்க."

முதலாளி ஒரு அடி எடுத்து வைத்தார்.

"குடு."

"குடுக்க மாட்டேன்."

"குடுடி."

"என்னை வெட்டிட்டு எடுத்துக்குங்க."

அவர் நின்றார். அந்தப் பெரிய உடம்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். பணியாட்கள் தரையைப் பார்த்தார்கள். கறிக்கடைக்காரி ஒருத்திதான் அசைந்தாள். தன் முந்தானையைக் கிழித்துச் சின்னவரின் விரல் நுனியில் சுற்றினாள். கொஞ்ச நேரம் முன்பு அவர் ஒடித்த கையை மடியில் போட்டுக்கொண்டு, ஒற்றைக் கையால்.

சோடா டாக்டரைத் தோளில் தாங்கி எழுப்பினான். மாமா மறுபக்கம் பிடித்துக்கொண்டார். யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று தெரியவில்லை. பின்பக்கக் கதவுதான் பக்கத்தில் இருந்தது. முதலாளியின் மனைவி ஒதுங்கி வழிவிட்டாள்.

டாக்டர் அவளருகே நின்றார். அவளுடைய கையில் இருந்த ஃபியூஸைப் பார்த்தார். உதடு பிளந்திருந்ததால் அவர் பேசியது தெளிவாக வரவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது.

"நானும் கத்தினேனேம்மா."

 

சோடாவுக்கு எந்த இடத்திலும் ஏதாவது சொல்ல வரும். மாமா அவனைப் பார்த்தார், இப்போதும் வருமோ என்று. அவன் தலையைக் குனிந்துகொண்டு டாக்டரின் இடுப்பை இன்னும் இறுக்கிப் பிடித்தான். மூவரும் வெளிச்சத்துக்கு வந்தார்கள்.